படுக்கையறைக்கு வந்த வாசல்

பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் பூலாம்பாடி, பெரம்பலூர் மாவட்டத்தின் பேரூராட்சிகளில் ஒன்று. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற வட்டாரம். மழை கைவிடுகிற வருடங்களும் உண்டு என்பதால் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கும் பழக்கம் இங்கே பழசு. அந்தப் பணத்தில் எழும்பும் மாடி வீட்டில், கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிய வாழைமரம் வாடுவதற்குள் ஒரு சாமான் வந்து சேர்ந்துவிடுகிறது. வாசல் தூணுக்கு மேலே, வெள்ளை நிறத்தில், தலையைக் கொஞ்சம் தாழ்த்தியபடி ஒரு கேமரா. வீட்டில் இருப்பவர்கள் அம்மா, மனைவி, பிள்ளைகள். கேமரா காட்டும் படம் ஓடுவது கோலாலம்பூரிலோ ஷார்ஜாவிலோ ஒரு கைப்பேசியில்.

இந்தச் சாமான் எங்கே பிறந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் போலீஸ், பேங்க், நகைக்கடை என்று கை காட்டுவார்கள். வீட்டு வாசலுக்கென்றே கேமராவை யோசித்தவர் ஒரு நர்ஸ். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கா என்ற பேட்டையில் வாழ்ந்த கறுப்பினப் பெண்மணி, மேரி வான் பிரிட்டன் பிரவுன். ராத்திரி நேரத்தில் வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருந்தவர். அவர் செய்ததில் எது நம் ஊர் வரைக்கும் வந்தது, எது வழியில் உதிர்ந்து போனது என்று பார்க்க வேண்டும். உதிர்ந்து போனதுதான் அதில் பெரிய பொருள் என்பது என் கட்சி.

படம் பிடித்து, அதை ஊருக்கெல்லாம் ஒளிபரப்பாமல் ஒயர் வழியே ஒரே ஒரு திரைக்கு மட்டும் அனுப்பும் ஏற்பாடு பிரவுனுக்கு முன்பே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஜெர்மனியின் பேனமுண்டேயில் வி-2 ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க வால்ட்டர் புரூக் என்ற பொறியாளர் அப்படி ஒன்றை அமைத்தார். பக்கத்தில் நின்று பார்த்தால் உயிர் போய்விடும். ஆகவே தூரத்து அறையில் திரை முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். போருக்குப் பிறகு அது தொழிற்சாலை, வங்கி என்று போனது. ராக்கெட்டோ தொழிலாளியோ, பார்க்கப்படுவதற்குத் தன்னைப் பார்க்கிறவர் யார் என்று தெரியாது. திரை எப்போதும் அதிகாரியின் மேசையில் இருந்தது.

பிரவுன் 1922இல் பிறந்தவர். கணவர் ஆல்பர்ட் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். இருவருக்குமே நேரங்கெட்ட நேரத்தில் வேலை. நர்ஸ் வேலையில் ஷிஃப்ட் எப்படி என்று நம் ஊரில் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் இருக்கும் ராத்திரிகளில் கணவர் இருக்க மாட்டார். அந்தப் பேட்டையில் குற்றங்கள் கூடிக்கொண்டிருந்தன. போலீசுக்குப் போன் செய்தால் வந்து சேர நேரமாகும். கதவு தட்டும் சத்தம் கேட்டால் எழுந்து போய்த் துளை வழியே பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கக் கதவோரம் போய் நிற்பதே, வெளியே இருப்பவனுக்கு உள்ளே ஆள் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கதவை நாடிப் போகாமலே கதவுக்கு வெளியே பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் முன்னால் இருந்த சிக்கல்.

1966 ஆகஸ்ட் 1 அன்று மேரியும் ஆல்பர்ட்டும் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்த வருடம் தமிழ்நாட்டில் தொலைக்காட்சி என்ற பொருளே கிடையாது. சென்னைக்கே 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. பூலாம்பாடி அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தது, பெரம்பலூர் என்ற மாவட்டம் பிறக்க இன்னும் ஏறத்தாழ முப்பது வருடம் ஆக வேண்டியிருந்தது. டிவிப் பெட்டியை நாம் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண் அதை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்.

அவர்களுடைய அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முன்கதவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நான்கு துளைகள். மேலே இருப்பது நெட்டையான ஆளுக்கு, கீழே இருப்பது குழந்தைக்கு, நடுவில் இருப்பவை மற்ற உயரங்களுக்கு. கதவின் உள்பக்கம் ஒரு கேமரா, மோட்டாரின் உதவியால் மேலும் கீழும் நகர்ந்து எந்தத் துளை வேண்டுமோ அதில் கண்ணை வைக்கும். நான்கு கேமரா வாங்க அன்றைய விலையில் குடும்பமே கடனாளியாகும். ஒரே கேமராவை ஏற்றி இறக்குவது என்பது சம்பளக்கார வீட்டு மூளை. படம் கம்பியில்லா முறையில் படுக்கையறையில் இருக்கும் திரைக்குப் போகும். கதவுக்கு வெளியே இருப்பவரோடு பேச மைக்கும் ஒலிபெருக்கியும். வந்தவர் தெரிந்தவர் என்றால் படுக்கையில் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்திக் கதவின் தாழை விடுவிக்கலாம். ஆபத்து என்று பட்டால் இன்னொரு பொத்தான். உதவிக்கு வரக்கூடிய காவலாளிக்கு அபாயச் செய்தி போய்விடும்.

நான்கு துளை என்றதும் எனக்கு அரும்பாவூர் நினைவுக்கு வந்தது. பூலாம்பாடிக்குப் பக்கத்து ஊர். அங்கே செய்யும் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி உருவங்களும் கோயில் வேலையும்தான் அங்கே பிரதானம். அந்த மாதிரிக் கைவேலையில் கஜலட்சுமி உட்கார்ந்திருக்கும் ஒரு தலைவாசல் கதவைக் காட்டி, இதில் நான்கு துளை போடுங்கள் என்று ஆசாரியிடம் சொல்லிப் பாருங்கள். பிரவுனின் அமைப்பு நம்மூரில் அந்த இடத்திலேயே நின்றிருக்கும்.

அது இருக்கட்டும். பேசும் வசதியைக் கவனிக்க வேண்டும். திண்ணை வைத்த பழைய வீடுகளில் அடுப்படியில் இருந்தபடியே அம்மா “யாரது?” என்று குரல் கொடுப்பார். பதில் குரலை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவார். உறவுக்காரரா, பால்காரரா, வட்டி கேட்க வந்தவரா என்பதைப் பொறுத்துத்தான் அவர் எழுந்து வருவதும், “அவரு வூட்ல இல்லீங்களே” என்று உள்ளிருந்தே அனுப்பிவிடுவதும். பிரவுனின் மைக் அதே வேலையைச் செய்தது. திறக்கலாமா வேண்டாமா என்ற தீர்மானம் உள்ளே இருக்கும் பெண்ணுடையது; அதற்குத் தேவையான காட்சியும் குரலும் அவரைத் தேடி வந்தன.

காப்புரிமை 1969 டிசம்பர் 2 அன்று கிடைத்தது. எண் 34,82,037. நான்கு நாள் கழித்து நியூயார்க் டைம்ஸ் அதைப் பற்றி எழுதியது. தனியாக இருக்கும் பெண் ஒரு பொத்தானில் அபாய மணியைக் கிளப்பலாம், டாக்டர்களின் கிளினிக்கிலும் வைத்தால் கொள்ளையைத் தடுக்கலாம் என்ற ரீதியில் செய்தி. விஞ்ஞானிகள் குழு ஒன்றின் விருதும் வந்தது. அவ்வளவுதான். பொருளாக அது கடைக்கு வரவில்லை. கேமராக் குழாய், மோட்டார், திரை, கம்பியில்லா அனுப்பி எல்லாம் சேர்ந்தால் சாதாரண வீடு தாங்குகிற செலவாக இல்லை.

அந்த 1969ஆம் வருடக் கடைசியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. காப்புரிமை கைக்கு வருவதற்குச் சில வாரம் முன்பு, அக்டோபரில், பக்கத்து நியூஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற சில்லுக்கான யோசனையை வரைந்தார்கள். ஒளியை நேராக மின்னூட்டமாக வாங்கிக்கொள்ளும் சில்லு அது. குண்டு கண்ணாடிக் குழாயிலிருந்து கேமராவை விடுவித்து விரல்நுனிக்குச் சுருக்கியது அதுவும், பிறகு வந்த சிமாஸ் சில்லும்தான். பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1969 அக்டோபர் 29 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு அர்பாநெட் வழியே முதல் செய்தி போனது. பாதியிலேயே இயந்திரம் படுத்துவிட்டாலும் இணையத்துக்கு அதுதான் கால்கோள். வீட்டு வாசலுக்கான வடிவமைப்பு, சின்னக் கண், தூரத்துக்குக் கொண்டுபோகும் பாதை என்று இன்றைய கேமராவின் மூன்று பாகங்களும் ஏழெட்டு வாரத்துக்குள், ஒன்றையொன்று தெரியாமல் பதிவாகியிருக்கின்றன.

ஆனால் அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்துக் காப்புரிமைக்கு ஆயுள் பதினேழு வருடம். 1986 டிசம்பரோடு பிரவுன் தம்பதியின் உரிமை முடிந்தது. சில்லு மலிவாகி, இணையம் வீட்டுக்கு வந்து, வாசல் கேமரா விற்கத் தொடங்கியபோது, அவர்களுக்கு யாரும் ஒரு காசும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் வந்த பல காப்புரிமைகள் அவர்களுடையதை மேற்கோள் காட்டின, அது மட்டும்தான் மரியாதை. மேரி பிரவுன் 1999இல் தமது 76ஆம் வயதில் காலமானார்.

நடுவில் நடந்ததை வேகமாகக் கடக்கலாம். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் காபி ஜாடி காலியா நிறைந்திருக்கிறதா என்று இடத்தை விட்டு எழாமல் பார்க்க ஒரு கேமராவை ஜாடிமேல் திருப்பி வைத்தார்கள். 1993இல் அது உலக வலைக்கும் போனது. எழுந்து போக அலுப்புப்பட்டே ஒரு தொழில்நுட்பம் வளர்ந்திருப்பது எனக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை. 1996இல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் நேரடியாக வலையில் சேரும் கேமராவை விற்றது. 2013இல் ஜேமி சிமினாஃப் என்பவர், ஷெட்டில் வேலை செய்யும்போது வீட்டு அழைப்புமணி கேட்பதில்லை என்று கைப்பேசிக்கு அழைக்கும் மணியைச் செய்தார். அதுதான் பிற்பாடு ‘ரிங்’. 2018இல் அமேசான் அதை வாங்கியது. இங்கே தமிழ்நாட்டில், 2017க்குப் பிறகு சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்று பெயர் வைத்துக் கடைகளையும் குடியிருப்புகளையும் கேமரா மாட்டச் சொல்லி ஓர் இயக்கமே நடத்தியது. சங்கிலிப் பறிப்பு வழக்குகளில் கேமராக் காட்சி சாட்சியாக வந்து செய்தித்தாளில் படமாக வெளியானதும், சிற்றூர்களில் கேமரா மாட்டுகிறவர்களுக்கு வேலை பெருகியது.

பூலாம்பாடி வீட்டின் கேமரா இந்த வம்சத்தில் வந்ததுதான். பிரவுனின் வரைபடத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால் துளை போய்விட்டது, மோட்டார் போய்விட்டது, அதனால் நஷ்டமில்லை. ராத்திரியிலும் தெரிகிறது, பதிவாகிறது, லாபம். ஒன்றே ஒன்று இடம் மாறியிருக்கிறது. பிரவுன் வீட்டில் திரை உள்ளே இருந்த பெண்ணிடம் இருந்தது. இங்கே திரை வெளிநாட்டில் இருக்கும் ஆணிடம் இருக்கிறது. கதவு தட்டினால் யார் என்று முதலில் தெரிவது ஷார்ஜாவில் இருப்பவருக்கு. அவர் போன் செய்து, “அம்மா, வாசல்ல ஆளு நிக்கிது பாரு” என்று சொன்ன பிறகுதான் வீட்டில் இருப்பவருக்குத் தெரிகிறது. போனை எடுக்கும் வரைக்கும் அம்மா அதே பழைய கதவுக்குப் பின்னால்தான், அதே “யாரது?”தான்.

இந்த ஏற்பாடே தப்பு என்று சொல்ல மாட்டேன். தூரத்தில் இருக்கும் மகனுக்கு ராத்திரி படுக்கும்முன் கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதில் ஒரு நிம்மதி உண்டு. வயதான அம்மா வழுக்கி விழுந்தால் எதிர்வீட்டுக்குப் போன் போட முடிகிறது. மருமகளுக்குக்கூட, கணவர் எப்போதும் ஒரு கண் வைத்திருக்கிறார் என்பது தைரியமாக இருக்கும் ராத்திரிகள் இருக்கின்றன. பகல் பொழுதுகளில் அதே கண் வேறு மாதிரி கனக்கும். யார் வந்தார்கள், எத்தனை நேரம் பேசினார்கள், பக்கத்து வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனாய் என்று போனில் விசாரணை வர ஆரம்பித்தால், பாதுகாப்புக்கு வாங்கிய சாமான் பேனமுண்டேயின் திரையாகிவிடுகிறது.

ஆகவே என் முதல் யோசனை செலவே இல்லாதது. கேமரா ஒயர்கள் வந்து சேரும் டிவிஆர் பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ சொருகுமிடம் ஒன்று இருக்கும். மாட்டுகிறவர் அதைச் சோதனைக்கு ஒருமுறை டிவியில் சொருகிப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் செயலியை இறக்கிக் கொடுத்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார். அதை அப்படியே விட்டு வைக்கச் சொல்லுங்கள். மாடியில் சும்மா கிடக்கும் பழைய டிவி போதும். அம்மா படுக்கும் அறையில் வைத்தால், ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வாசல் தெரியும். அறுபது வருடத்துக்கு முன் பிரவுன் வரைந்த வீடு அதுதான். கைப்பேசிச் செயலியையும் மகன் கணக்கில் மட்டும் வைக்காமல் மனைவிக்கும் ஒரு கணக்கு போட்டுக் கொடுக்க வேண்டும். யார் எப்போது பார்க்கிறார்கள் என்பது இரு பக்கமும் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை வராது.

எங்கே மாட்டுவது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம். கேட், தலைவாசல், மாடிப்படி வெளியே ஏறும் இடம், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஹாலில் வேண்டாம். வேலைக்காரப் பெண் தனியாக இருப்பார், நகை இருக்கிறது என்ற வாதங்களைக் கேட்டிருக்கிறேன். நகைக்கு லாக்கர் இருக்கிறது. ஹாலில்தான் மருமகள் துப்பட்டா இல்லாமல் உட்கார்ந்து கீரை ஆய்வாள், அங்கேதான் பாட்டி மின்விசிறிக்கு நேராகப் படுத்துத் தூங்குவார். கொல்லைப்புறக் கேமரா இன்னும் சிக்கல். பழைய அமைப்பு வீடுகளில் குளியலறையும் கழிவறையும் பின்பக்கம். “ஏன்டா, நான் ராத்திரி எந்திரிச்சிப் போறதையும் நீ பாத்துக்கிட்டுதான் கெடப்பியா?” என்று ஓர் அம்மா கேட்டால் மகன் என்ன சொல்வான்? பின்பக்கச் சுவரைத்தான் கண்காணிக்க வேண்டும் என்றால் கேமராவைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி, குளியலறைப் பாதை விழாத கோணத்தில் வைக்கலாம். செட்டிங்கில் ‘பிரைவசி மாஸ்க்’ என்று ஒன்று பெரும்பாலான பாக்ஸ்களில் உண்டு; படத்தில் எந்தப் பகுதி வேண்டாமோ அதன்மேல் கறுப்புக் கட்டம் போட்டுவிடும். எதிர்வீட்டு வாசலுக்கும் அது வேண்டும். விடியற்காலை கோலம் போடக் குனியும் எதிர்வீட்டு அக்காவை நாம் மாதக்கணக்கில் பதிவு செய்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

காது விஷயம் பலர் கவனிப்பதில்லை. வைஃபை கேமராக்கள் அநேகமாக எல்லாவற்றிலும் மைக் உண்டு. வாங்கின அன்றே அது திறந்துதான் இருக்கும். வாசல்படியில் உட்கார்ந்து பெண்கள் பேசும் பேச்சு முழுவதும், மாமியாரைப் பற்றியதும் சேர்த்து, கடல் தாண்டிப் போகும். வாசல் மணியை அழுத்தினால் பேசுகிற மாதிரி இருப்பது சரி. நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும் மைக்கை அணைத்து வையுங்கள்.

படம் எங்கே தங்குகிறது என்பது அடுத்தது. பாக்ஸில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் தங்கினால் அது உங்கள் வீட்டுப் பொருள். சாதாரண இரண்டு மெகாபிக்சல் கேமரா விநாடிக்கு இரண்டு மெகாபிட் வீதம் எழுதினால் ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜிபி. நான்கு கேமராவுக்கு ஒரு டெராபைட் டிஸ்க் பதினொரு நாள் தாங்கும், புதிய எச்.265 முறையில் சுருக்கினால் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு. அதற்குமேல் பழையதை அழித்துப் புதியதை எழுதும். வீட்டுக்கு அது போதும், மூன்று மாதம் வைக்கச் சொல்லும் ஆசை வேண்டாம். இருக்கிற பதிவுதான் கசியும்; அழிந்த பதிவு கசியாது. திருடன் பாக்ஸையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பாக்ஸை டிவி ஸ்டாண்டில் வைக்காமல் பரணில் பூட்டி வைக்கலாம். வாசல் கேமரா ஒன்றுக்கு மட்டும் கிளவுடில் பதிவு வைத்துக்கொள்ளலாம்.

கிளவுட் என்றால் படம் கம்பெனியின் கணினியில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் மனிதர்கள். பிரவுனின் நேரடி வாரிசான ரிங் நிறுவனத்தின் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம் சாட்டியது: ஊழியர் ஒருவர் மாதக்கணக்கில் பெண் வாடிக்கையாளர்களின் படுக்கையறை, குளியலறைக் கேமராப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார் என்று. 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது நிறுவனம். படுக்கையறையில் கேமரா எதற்கு வைத்தார்கள் என்று நாம் இங்கிருந்து கேட்கலாம். பிரவுன் படுக்கையறையில் வைத்தது திரையை; அரை நூற்றாண்டில் அந்த இடத்துக்குக் கேமரா வந்துவிட்டது.

கடவுச்சொல் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் மாற்றுவதில்லை. 2016இல் ‘மிராய்’ என்ற நச்சு நிரல், கேமராக்களையும் டிவிஆர்களையும் வைஃபை பெட்டிகளையும் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. அதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவைப்படவில்லை. தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பும் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சம் அதனிடம் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அந்த அக்டோபரில் அந்தக் கேமராக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நிறுவனத்தை மொய்த்ததில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலான தளங்கள் அமெரிக்காவில் சில மணி நேரம் திணறின. எழுதியவர்கள் இருபதை ஒட்டிய வயதுப் பையன்கள். நம் பக்கத்தில் ‘அட்மின்’ என்ற பெயரும் கைப்பேசி எண்ணின் கடைசி இலக்கங்களும் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவது வாடிக்கை. மாட்டியவருக்கும் அது தெரியும், அவர் உதவிக்கு வைத்திருக்கும் பையனுக்கும் தெரியும். அவர்கள் நல்லவர்கள்தான், இருந்தாலும் வேலை முடிந்து அவர்கள் தெருமுனை தாண்டியதும் மாற்றிவிடுங்கள். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. கடையில் அந்தச் சான்று உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஏற்கெனவே மாட்டியிருப்பவற்றுக்கு இந்த விதி உதவாது.

சட்டம் எங்கே நிற்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிமனிதர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் சேர்க்கும் தரவைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. ஆக, வீட்டுக்கேமரா விஷயத்தில் அந்தச் சட்டத்தைக் காட்டி மருமகள் மாமனாரைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கூட்டாக வசிக்கும் வீட்டின் வசிப்பிடப் பகுதிக்குள் உடன் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் கேமரா ஓட விடக் கூடாது என்றது. அண்ணன் தம்பிக்குள் வந்த வழக்கு. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. பாகம் பிரிக்காத வீடுகள் நிறைந்த நம் பக்கத்துக்கு இந்தத் தீர்ப்பு, மேலே சொன்ன பெரிய தீர்ப்பைவிடச் சீக்கிரம் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

சின்னச் சின்ன உபத்திரவங்களும் உண்டு. கரண்ட் போனால் பாக்ஸும் வைஃபை பெட்டியும் சேர்ந்தே நிற்கும். இரண்டையும் இன்வர்ட்டர் லைனில் கொடுக்காமல் ஒன்றை மட்டும் கொடுத்திருக்கும் வீடுகளே அதிகம். பச்சைமலைப் பக்கம் இடி மின்னல் இறங்கும் ஐப்பசியில் அடாப்டர் போவது சகஜம். லென்ஸ் ஓரத்தில் சிலந்தி வலை கட்டிவிட்டால் ராத்திரி விளக்கில் அது வெள்ளை வெளேரென்று ஆடும். அதை ஆள் நடமாட்டம் என்று நினைத்துக் கேமரா எச்சரிக்கை அனுப்பும். இங்கே ராத்திரி இரண்டு மணி என்றால் சிங்கப்பூரில் நாலரை. காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் சிலந்திக்காக எழுந்து உட்கார்ந்திருப்பார். மாதம் ஒருமுறை துடைப்பக் கட்டையில் துணி சுற்றித் துடைத்தால் தீர்ந்தது.

பிரவுனின் அமைப்பில் இருந்து, இன்றுவரை நம் வீடுகளுக்கு வராத ஒன்று அந்தக் கடைசிப் பொத்தான். படுக்கையில் இருப்பவர் அழுத்தினால் பக்கத்தில் இருந்து ஆள் வர வேண்டும். நம் கேமரா எச்சரிக்கை அனுப்புவது கடலுக்கு அப்பால். அங்கிருந்து மகன் இங்கே யாருக்காவது போன் போட வேண்டும், அந்த யாராவது எழுந்து வர வேண்டும். பூலாம்பாடி மாதிரி ஊரில் ஓடி வரப்போவது பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் எண் மகனின் கைப்பேசியில் இருந்தால் மட்டும் போதாது. அம்மாவின் பட்டன் போனில் இரண்டு என்ற எண்ணை நீண்ட நேரம் அழுத்தினால் அவருக்கு அழைப்பு போகும்படி வைத்துக் கொடுக்கலாம். பட்டன் போன்களில் பெரும்பாலும் இந்த ‘ஸ்பீடு டயல்’ வசதி இருக்கிறது. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரிலும் ஒட்டலாம். அப்படிச் செய்வதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நம் வாசல் கேமராவில் அவர் வீட்டுப் படி எவ்வளவு தெரிகிறது என்பதையும் அப்போதே காட்டிவிடலாம்.